முட்டம் முதல் திருச்செந்தூர் வரை: கரைப் பாறைகளை எப்படிப் பார்ப்பது, எங்கே தவறு நடக்கும்

வழிப்போக்கன்

தை மாதம் இரண்டு நாள். தங்குவது கன்னியாகுமரி. பார்க்க நினைக்கும் இடங்கள்: முட்டம், வட்டக்கோட்டை, குதிரைமொழித் தேரி (செம்மணல் மேட்டுக்காடு), மணப்பாடு, திருச்செந்தூர். கோயில், சூரியோதயம் பற்றிய தகவல் நிறையக் கிடைக்கிறது. பாறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பத்து மடங்கு லென்ஸ், காந்தம், திசைகாட்டி வைத்திருக்கிறேன். சுத்தியல் எடுத்து வருவதாக இல்லை. மூன்று கேள்விகள்: எந்த வரிசையில் போகலாம்? ஒவ்வோர் இடத்திலும் கண்ணால் உறுதி செய்யக்கூடியது எது? பாறையில் இறங்குவது எப்போது ஆபத்து?

கருங்கல்

சுத்தியலை விட்டது நல்லது. இந்தக் கரையில் அதற்கு வேலையே இல்லை, அலை உடைத்துப் போட்ட புதுமுகம் எங்கும் கிடைக்கும்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இந்த நூறு கிலோமீட்டர் கரையில் இரண்டு தலைமுறைப் பாறைகள் இருக்கின்றன. தெற்கிலும் மேற்கிலும் இருப்பது பூமிக்குள் 20 கி.மீ.க்கும் கீழே, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து உருமாறியது. அந்த உருமாற்றம் நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில். இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்டிகா எல்லாம் அப்போது பக்கத்து வீடு. அங்கேயும் இதே வகைப் பாறை கிடைப்பது அதனால்தான். மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கம் கடலை எட்டிப் பார்க்கிற பாறையோ மிக இளையது. மணலும் சிப்பித்தூளும் சுண்ணாம்பால் ஒட்டி இறுகியது. ஒன்று ஆணிக்கு அசையாது, மற்றது நகம் பட்டாலே உதிரும் இடங்கள் உண்டு. நடுவில் கிடக்கும் மணல், முதலாவது பொடியாகி இரண்டாவதுக்குள் போகும் வழி.

பழைய பாறையில் இரண்டு வகையைப் பிரிக்கப் பழகினால் போதும்.

நைஸ்: வெளிர், கரும் பட்டைகள் மாறி மாறி வரும். கரும் பட்டையில் பயோடைட் மைக்கா, நகத்தால் நெம்பினால் செதில் எழும்பும். நடுவே சிவந்த மாதுளை முத்துப்போல் நிற்பது கார்னெட். இரும்பு ஆணியால் கீறிப் பாருங்கள், கோடு விழாது, ஆணியின் உலோகம்தான் கல்லில் ஒட்டும். அதைக் கீறல் என்று நினைக்க வேண்டாம், விரலால் துடைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சார்னோக்கைட்: புதுமுகம் கரும்பச்சை, எண்ணெய் பூசினதுபோல் மினுக்கும். பட்டை தெளிவாக இருக்காது. வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் பழுப்பு மஞ்சளாகிவிடும். தூரத்திலிருந்து நிறத்தை வைத்து நைஸ் என்று எழுதிவிடுவது இங்கேதான் நடக்கும். உடைந்த ஓரத்தைத் தேடிப் பாருங்கள். பெயர் வந்த கதை நம்முடையது: கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னைப் பல்லாவரம் பக்கத்துக் கல். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பெயரையே பாறைக்கு வைத்தார்.

பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெள்ளையாக, கைவிரல் பருமன் படிகங்களோடு ஒரு நரம்பு போனால் அது பெக்மடைட். வெட்டுவது பிந்தியது, வெட்டப்பட்டது முந்தியது. நரம்பும் சேர்ந்து மடிந்திருந்தால் மடிப்பு அதற்கும் பிந்தியது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு முட்டத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

கச்சான்

மூன்றாம் கேள்விக்கு நான் சொல்றேன், மத்ததை எல்லாம் விட இது முக்கியம்.

இந்தப் பக்கம் ஓதம் ஏறி இறங்குறது ஒரு மீட்டருக்குள்ளதான். அதனால "வத்தம் (தண்ணி இறங்கின நேரம்) பார்த்து இறங்கினா போதும்"னு வெளிநாட்டு வழிகாட்டில இருக்கிறது இங்க உதவாது. ஆளை இழுக்கிறது ஓதமில்ல, நெடுந்தூரத்து அலை. இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) அறிவிப்புல அலை உயரத்தை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க, அலைக்கு அலை எத்தனை நொடின்னும் பாருங்க. ஒரு மீட்டர் உயரம் 7 நொடியில வந்தா பாறை அடியிலயே உடையும். அதே ஒரு மீட்டர் 17 நொடியில வந்தா தண்ணி பாறை மேல வெகுதூரம் ஏறும், திரும்பும்போது மொத்தமா வழிச்சுக்கிட்டுப் போகும்.

கள்ளக்கடல்னு சொல்றது இதைத்தான். தெற்கே இந்தியப் பெருங்கடல் கடைசியில புயல் அடிக்கும், அலை மட்டும் பல நாள் கழிச்சு இங்க வரும். இங்க காத்து இருக்காது, வானம் தெளிவா இருக்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில அதிகம். 2024 மே மாசம் குமரி மாவட்ட லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்கள் உயிர் போனது இப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நாள்லதான்.

செய்ய வேண்டியது: இறங்குறதுக்கு முன்னாடி மேல நின்னு 20 நிமிஷம் கடலைப் பாருங்க. பெரிய அலை கூட்டமா வரும், இடையில பத்து நிமிஷம் அமைதியா இருந்து ஏமாத்தும். அந்த 20 நிமிஷத்துல எது வரைக்கும் நனைஞ்சுதோ, அதுக்கு மேல ரெண்டு ஆள் உயரம் விட்டு நில்லுங்க. கடலுக்கு முதுகு காட்டி லென்ஸ் பிடிக்காதீங்க.

பாறை நிறமும் சொல்லும். சிப்பி, கொட்டலசு (பாறையில ஒட்டி வளர்ற சின்ன ஓட்டுயிரி) ஒட்டின இடம் தினம் தண்ணி படுற இடம், கால் பிடிக்கும், ஆனா நிக்கக் கூடாத இடம். பச்சைப்பாசி வழுக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல கறுப்பாத் தோல் மாதிரிப் படிஞ்சிருக்கே, காஞ்சிருந்தா சொரசொரன்னு இருக்கும், ஒரு தூறல் விழுந்தா பச்சைப்பாசியை விட மோசம். நிறைய பேர் விழுறது அதுலதான். ரப்பர் அடி கொண்ட, குதிகால் பிடிக்கிற செருப்போ ஷூவோ போடுங்க.

வழிப்போக்கன்

நன்றி கச்சான் அண்ணாச்சி. 20 நிமிடக் கணக்கைக் குறித்துக்கொண்டேன். அடுத்து மணல். வட்டக்கோட்டைப் பக்கம் கரும்மணல், கன்னியாகுமரியில் சிவப்பு, கறுப்பு, வெளிர் என்று கோடு கோடாகக் கிடக்கிறது. எது எது என்று காந்தத்தால் பிரிக்க முடியுமா?

சிரட்டை

முடியும், ஆனால் காந்தத்துக்கு முன் தண்ணீர்.

ஒரு சிரட்டையை நனைத்து ஒரு கை மணல் போடுங்கள். தண்ணீர் மொண்டு மெதுவாகச் சுழற்றி, ஓரத்தைச் சாய்த்து மேலோட்டத்தை வழிய விடுங்கள். ஏழெட்டு முறை. அடியில் கறுப்பும் சிவப்பும் தங்கும். காரணம் எடைதான்: குவார்ட்ஸ் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு, கார்னெட் ஏறக்குறைய 4, இல்மனைட்டும் சிர்க்கானும் 4.6 முதல் 4.7, மோனசைட் 5-ஐ ஒட்டி. வேகமாகச் சுழற்றினால் எல்லாம் கலங்கி கார்னெட்டும் சேர்ந்து போய்விடும், அதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

மிஞ்சியதைத் தாளில் கொட்டி நன்றாகக் காயவிடுங்கள். ஈரமணல் ஒன்றோடொன்று ஒட்டி எல்லாமே காந்தத்துக்கு வருவதுபோல் காட்டும். காந்தத்தை மெல்லிய பாலிதீனில் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் துகளைப் பிரித்தெடுக்கவே முடியாது. முதலில் சாதாரணக் கறுப்புக் காந்தம், ஸ்பீக்கரில் இருப்பது. அதற்குத் தாவுவது மாக்னடைட், கொஞ்சம்தான் இருக்கும். அடுத்து நியோடிமியம் காந்தம். கறுப்பில் பெரும்பங்கு இப்போது எழும்பும், அது இல்மனைட். மிக அருகில் கொண்டுபோனால் கார்னெட்டும் மெதுவாக நகரும், அதில் இரும்பு இருப்பதால். குவார்ட்ஸ், சிர்க்கான், ரூட்டைல், சில்லிமனைட் அசையாமல் கிடக்கும். சாதாரணக் காந்தத்துக்கு வரவில்லை, ஆகவே இல்மனைட் இல்லை என்று எழுதும் பயணக் குறிப்புகள் எல்லாம் இந்த இரண்டாம் படியைச் செய்யாதவை.

லென்ஸில் இன்னொன்றும் பாருங்கள். ஒரே அடுக்கில் கறுப்புத் துகள் சிறியது, வெள்ளைத் துகள் பெரியது. கனமான சிறுமணியையும் லேசான பெருமணியையும் தூக்க அலைக்கு ஒரே பலம்தான் வேண்டும், அதனால் இரண்டும் ஒன்றாகப் படிகின்றன. ஆனி, ஆடிக் கடல் வெள்ளையை வழித்துக்கொண்டு போனதும் கறுப்பு, சிவப்பு மட்டும் பட்டையாக நிற்கும். தை மாதத்தில் மேலே வெள்ளை மூடியிருக்கலாம். ஓடை வெட்டிய சின்னக் கரைச்சுவர் இருந்தால் அங்கே பாருங்கள், அடுக்கடுக்காகப் பல ஆனி ஆடிகள் தெரியும்.

பார்த்ததும் மணலைக் கரையிலேயே கொட்டிவிடுங்கள். நினைவுக்கு ஒரு பாட்டில் என்று எடுக்காதீர்கள். மோனசைட்டில் தோரியம் உண்டு, அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிற பொருள். மணவாளக்குறிச்சியில் அரசு நிறுவனமே இதைப் பிரித்தெடுக்கிறது. தனியார் தாதுமணல் அள்ளுவதைத் தமிழ்நாடு அரசு 2013-இல் தடை செய்தது. ஒருநாள் நடந்துவிட்டு வருவதால் கதிரியக்கப் பயம் வேண்டாம்.

கருங்கல்

சிரட்டை சொன்னதோடு ஒன்று. அந்த நியோடிமியம் காந்தத்தைத் திசைகாட்டி இருக்கும் பையில் போடாதீர்கள். கைப்பேசியின் திசைகாட்டி அதன் பக்கத்தில் பல பத்து டிகிரி பிசகும், எடுத்த பிறகும் பிசகே நீடிக்கலாம். காந்தப் பூட்டுள்ள கைப்பேசி உறையும் அப்படியே. எட்டு வடிவில் சுழற்றிச் சரிசெய்து, காலையில் சூரியன் இருக்கும் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கரும்மணல் மேல் கைப்பேசியை வைத்து அளப்பதும் வேண்டாம், இடுப்பு உயரத்தில் பிடித்து அளங்கள். சாய்மான அளவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது புவியீர்ப்பை வைத்து வேலை செய்வது. ஆனால் ஒரே ஒரு மேட்டில் வைத்து அளந்தால் பாறையின் சொரசொரப்புதான் கிடைக்கும். கெட்டி அட்டையைப் பாறை மேல் வைத்து அதன்மேல் கைப்பேசியை வையுங்கள், மூன்று இடத்தில் அளந்து நடுவெண்ணை எடுங்கள்.

புகைப்படத்தில் பத்து ரூபாய் நாணயம் வைக்கலாம், குறுக்களவு 27 மில்லிமீட்டர். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பாறைக்கு முகத்தைக் கொண்டுபோங்கள். பத்து மடங்குக்கு இரண்டரை சென்டிமீட்டரில்தான் தெளிவு கிடைக்கும். கை நீட்டிப் பிடித்துப் பார்ப்பவர்கள் "ஒன்றும் தெரியவில்லை" என்பார்கள்.

வழிப்போக்கன்

தேரி பற்றி ஓர் ஐயம். கார்னெட் சிவப்பு, தேரியும் சிவப்பு. தேரி சிவந்திருப்பது கார்னெட்டால்தானே?

தேரிக்காடு

இல்லை தம்பி. இந்தத் தவறு பரவலாக இருக்கு, அதனால சோதனையையே சொல்லிடறேன்.

உள்ளங்கையை நனைச்சு ஒரு சிட்டிகை தேரிமணல் போட்டுத் தேய்ங்க. கையில செம்மை ஒட்டும், தண்ணி காவி நிறமா ஓடும். நாலஞ்சு தடவை அலசிட்டு லென்ஸ்ல பார்த்தா உள்ள இருக்கிறது பெரும்பாலும் குவார்ட்ஸ், குழிகள்ல மட்டும் சிவப்பு மிச்சம் இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் மேல ஹெமடைட்ங்கிற இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் மெல்லிய தோலாப் படிஞ்சிருக்கு. கார்னெட் சிவப்பு உடம்புக்குள்ள இருக்கிற நிறம், எத்தனை தடவை கழுவினாலும் கையில ஒட்டாது, வெளிச்சத்துல இளஞ்சிவப்புக் கண்ணாடி மாதிரித் தெரியும். தேரியிலயும் கார்னெட், இல்மனைட் இருக்கு. ஆனா நிறத்துக்குக் காரணம் அது இல்ல.

மணல் எங்கிருந்து வந்ததுங்கிறதுல ரெண்டு கருத்து இருக்கு. கடல்மட்டம் கீழ இருந்தப்போ வெளியே தெரிஞ்ச கடலடி மணலைக் காத்து அள்ளிட்டு வந்ததுன்னு ஒண்ணு. மலையடிவாரச் செம்மண்ணை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற கச்சான் காத்து (மேல்காத்து) சலிச்சுக் கொண்டுவந்ததுன்னு இன்னொண்ணு. ரெண்டும் சேர்ந்து நடந்திருக்கும்னுதான் எனக்குப் படுது, ஏன்னா கரைக்குப் பக்கத்துத் தேரியும் உள்நாட்டுத் தேரியும் ஒரே மாதிரி இல்ல.

ஓடை வெட்டின இடத்தைப் பாருங்க, மேல தளர்ந்த மணல், கீழ கொஞ்சம் இறுகின செம்மண். அந்த எல்லையில செர்ட் (தீக்கல் வகை), குவார்ட்ஸ்ல செஞ்ச விரல்நகம் அளவு கல்லாயுதம் கிடக்கலாம். இந்தத் தேரிகள்ல கிடைச்ச நுண்கருவிகளைப் பத்தி தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956-லயே எழுதியிருக்காங்க. கண்ணுல பட்டா நாணயம் வச்சுப் படம் எடுங்க, இடத்தைக் குறிச்சுக்கங்க, தொடாதீங்க. ஆயுதம் எந்த அடுக்குல இருக்குங்கிறதுதான் அதோட மதிப்பு. எடுத்துட்டா அது வெறும் கல்லு.

வெயில் ஏறினா மணல் கொதிக்கும். காலை ஒன்பதுக்குள்ள முடிச்சிடுங்க. காரை ரோட்டை விட்டு இறக்காதீங்க, மணல் முழங்கால் வரைக்கும் வாங்கும்.

அலைவாய்

மணப்பாட்டுக்கு வருகிறேன். திருச்சிலுவை ஆலயம் நிற்கும் குன்று முழுக்கப் பழைய பவளப்பாறை, கடல் உள்வாங்கியதால் மேலே நிற்கிறது என்று கேள்விப்பட்டேன். புனித சவேரியார் தங்கிய குகைச் சுவரில் சிப்பியும் ஓட்டைகளும் தெளிவாகத் தெரிகின்றனவே?

கருங்கல்

சிப்பி இருப்பதால் பவளம் ஆகிவிடாது. ஓட்டை இருப்பதாலும் ஆகாது. அது சுண்ணாம்பு மணற்பாறை, கால்கரனைட். குவார்ட்ஸ் மணலும் சிப்பித்தூளும் கால்சைட்டால் ஒட்டியது.

பவளம் என்றால் லென்ஸில் நட்சத்திரம்போல் சுவர் பிரிந்த அறைகள் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும். மணப்பாட்டில் தெரிவது ஒழுங்கில்லாத தேன்கூட்டு ஓட்டை. கடல் தெளித்த உப்பு நீர் பாறைத் துளைக்குள் காய்ந்து படிகமாகி மணியை நெம்பி எடுக்கிறது, ஒருமுறை குழி விழுந்தால் அங்கே நிழலும் ஈரமும் கூடி குழி இன்னும் ஆழமாகிறது. நிஜமான உயர்ந்த பவளப்பாறை பார்க்க வேண்டுமென்றால் ராமேசுவரம் தீவுக்குப் போக வேண்டும்.

சுண்ணாம்பா என்று பார்க்க வினிகர் போதும், அமிலம் சுமந்து திரிய வேண்டாம். உதிர்ந்து கீழே கிடக்கும் துண்டை எடுங்கள், நிற்கும் பாறையில் கீறாதீர்கள். ஆணியால் சுரண்டிப் பொடி எடுத்து, பொடிமேல் இரண்டு சொட்டு விட்டு, லென்ஸில் 20 நொடி பாருங்கள். முழுக்கல்லின்மேல் விட்டால் வினிகர் மெதுவாக வேலை செய்யும், ஒன்றுமில்லை என்று தோன்றிவிடும். இன்னொரு பொறி: சிப்பித்துண்டின்மேல் விட்டால் எப்படியும் நுரைக்கும். சிப்பிக்கு நடுவிலுள்ள பசையைச் சுரண்ட வேண்டும். ஆலயச் சுவர், படிக்கட்டுப் பக்கம் கிடக்கும் துண்டும் வேண்டாம், சுண்ணாம்புக் காரையும் அப்படியேதான் நுரைக்கும்.

சிரட்டை

அதோடு, அது மணல்மேடு இறுகியதா, அலைவாய்க் கரை இறுகியதா என்பதையும் பாருங்கள். எனக்கு மணப்பாட்டில் மிகவும் பிடித்த வேலை இதுதான்.

கரைப்பாறை என்றால் அடுக்குகள் கடலை நோக்கி 5 முதல் 10 டிகிரி சாயும், இன்றைய கரைச் சரிவு எப்படியோ அப்படியே. பெரிய சிப்பி, கூழாங்கல் கலந்திருக்கும். காற்று குவித்த மணல்மேடு இறுகியிருந்தால் மணி ஒரே அளவு, நுண்ணியது. அடுக்குகள் 30 டிகிரி வரை சரிவாக விழும், ஒரு தொகுதியை மற்றொரு தொகுதி குறுக்கே வெட்டும். உலர்ந்த மணல் 33, 34 டிகிரிக்கு மேல் நிற்காது, ஆகையால் அதற்கு மேல் ஓர் எண் கிடைத்தால் உங்கள் அளவைச் சந்தேகப்படுங்கள் அல்லது அந்தத் துண்டு பெயர்ந்து விழுந்திருக்கிறது. விரல் தடிமனில் கிளை பிரியும் சுண்ணாம்புக் குழல்கள் இருந்தால் அவை செடிவேரைச் சுற்றி இறுகியவை, அங்கே ஒருகாலத்தில் கரைமேல் செடி நின்றது.

அந்தப் பொடியை வீணாக்காமல் லென்ஸில் பாருங்கள். இளஞ்சிவப்பாக ஒரு மணி அகப்பட்டால், அது முதல்நாள் நைஸில் மாதுளை முத்தாகப் பார்த்த அதே கனிமம். மலையில் உடைந்து, ஆற்றில் உருண்டு, கரையில் சலிக்கப்பட்டு, இங்கே மறுபடி பாறைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது.

அலைவாய்

திருத்தத்துக்கு நன்றி. அப்படியானால் திருச்செந்தூர் வள்ளிக் குகையும் இதே வகைதானா? நாழிக்கிணறு கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நல்லதண்ணீர் தருகிறதே, அதற்கும் இந்தப் பாறைக்கும் தொடர்பு உண்டா?

தேரிக்காடு

வள்ளிக் குகையும் அந்த வகை மணற்பாறையைக் குடைஞ்சதுதான். குடையவும் எளிது, உப்புக் காத்துல உதிரவும் எளிது.

நாழிக்கிணறுக்கு அடிப்படை இது: நல்லதண்ணி லேசு, கடல்தண்ணி கனம். மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி உப்புத்தண்ணி மேல மிதந்து நிக்கும். கடல்மட்டத்துக்கு மேல நல்லதண்ணி ஒரு மீட்டர் நின்னா, கீழ ஏறக்குறைய 40 மீட்டர் வரைக்கும் நல்லதண்ணி இருக்கலாம்னு கைபென், ஹெர்ஸ்பெர்க்ங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. அதனால ஆழம் குறைஞ்ச கிணறு இனிக்கும், பக்கத்துலயே ஆழ்துளை போட்டு மோட்டார் வச்சு உறிஞ்சினா உப்பு ஏறும். மேல நல்லதண்ணி ஒரு மீட்டர் இறங்கினா கீழ உப்புத்தண்ணி 40 மீட்டர் மேல வந்துடுதே.

கச்சான்

மணப்பாட்டுல குன்றோட கடல்பக்க அடிவாரத்துல நிழலுக்கு ஒதுங்காதீங்க. அலை அடியை அரிக்கும், மேல பலகை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், எப்ப விழும்னு சொல்ல முடியாது. கீழ கூர்மையான விளிம்போட புதுத் துண்டு கிடந்தா அது சமீபத்துல விழுந்தது. நீட்டம் எவ்வளவோ அதைப்போல ரெண்டு மடங்கு தள்ளி நின்னு பாருங்க. மேல விளிம்புக்கும் போகாதீங்க, கீழ காலியா இருக்கிறது மேல நிக்கிறவனுக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில கொண்டல் (கீழ்காத்து) கடல் மணலை வாரிட்டுப் போனதுக்கு அப்புறம் தை மாசம் அடிப்பாறை நல்லாத் தெரியும். நீங்க வர்ற நேரம் நல்ல நேரம்தான்.

வழிப்போக்கன்

இதுவரை சொன்னதை வைத்து வரிசை: முதல் நாள் காலை கன்னியாகுமரி முனை, பிறகு வட்டக்கோட்டை மணல், மாலை முட்டம். இரண்டாம் நாள் விடியலில் கிளம்பி மணப்பாடு, திருச்செந்தூர், திரும்பும்போது தேரி. ராமேசுவரத்தை இன்னொரு பயணத்துக்கு வைக்கிறேன். சரியா?

கருங்கல்

முட்டம் மாலையில் சரி, அங்கே முகப்பு மேற்கும் தெற்கும் பார்த்தது. சாய்வெளிச்சத்தில் பட்டையும் மடிப்பும் துலங்கும். விளக்குமாடத்துக்குக் கீழே பாறை, பின்னால் செம்மண் மேடு, இரண்டும் ஒரே சட்டகத்தில் கிடைக்கும். மாலை வெளிச்சம் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும், கனிம நிறத்தைப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நேரில் நிழலில் பார்த்ததையே எழுதுங்கள். கிளம்புமுன் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பூகோஷ் தளத்தில் அந்தப் பகுதி வரைபடத்தைப் பார்த்துத் திரையைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

தேரிக்காடு

தேரியைக் கடைசில வச்சா நடுப்பகல் ஆயிடும். ரெண்டாம் நாள் முதல்ல தேரி, ஒன்பதுக்கு மணப்பாடு, அப்புறம் திருச்செந்தூர்னு மாத்துங்க. மணப்பாட்டுக் கடல்பக்கம் கிழக்கு பார்த்தது, ஒன்பது, பத்து மணிக்கும் அதுல வெயில் இருக்கும். மணப்பாட்டுல இருந்து திருச்செந்தூர் 18 கிலோமீட்டர்தான். தைப்பூசம் எந்தத் தேதின்னு பார்த்துக்கங்க. அதுக்கு முந்தின நாட்கள்ல பாதயாத்திரைக் கூட்டம் ரோடு முழுக்க வரும், வள்ளிக் குகைப் பக்கம் நிக்க முடியாது.

சிரட்டை

ராமேசுவரம் போகும்போது ஒன்று மட்டும். கரையில் செத்துக் கிடக்கும் பவளத்துண்டையும் எடுக்கக் கூடாது, கல்பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் படகில் போய் இறங்க முடியாது. பாம்பன் பக்கம் கரையிலேயே பார்க்கலாம். அங்கே லென்ஸில் முதலில் அந்த நட்சத்திர அறையைத் தேடுங்கள், மணப்பாட்டுப் படத்தைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.